பாட்டுப் பெட்டியும் பரிமளத்தின் ஃபிரிட்ஜும்

என் அக்கா புருஷன் யோகராஜுக்குக் காது கூர்மை. கண்டியில் எங்கள் கட்டுக்கலைப் பக்கம் இதை அறியாதவர் இல்லை, ஏனென்றால் அவரே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கோவில் மணி கேட்டால் இன்று அடிப்பது ஐயரா, ஐயரின் மகனா என்று வீட்டிலிருந்தே சொல்வார். யாரும் போய்ச் சரிபார்த்ததில்லை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். சரிபார்க்காத விடைக்குப் புள்ளி போடும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் அத்தானோடு வாதம் செய்வது மழையில் துணி காயப்போடுவது மாதிரியான வேலை என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன்.

கண்டி நகரத்தில் ஒரு பெரிய துணிக்கடையின் சேலைப் பகுதியில்தான் அவருடைய காலமெல்லாம் கழிந்தது. மீசை அரும்பும் வயதில் உள்ளே போனவர், அறுபதில் நரைத்த தலையோடு வெளியே வந்தார். அவர் சேலை விற்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் கடையின் பின்பக்கத்தில், டியூப் லைட்டின் கீழே, சாதாரண விலையில் ஒன்றை விரிப்பார். அதைக் குறையே சொல்ல மாட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு அலுமாரியிலிருந்து விலை கூடியதை எடுத்துக்கொண்டு, "இப்பிடி வாங்கம்மா" என்று வாசலுக்கு நடப்பார். வாசல் வெயிலில் அந்தச் சேலை பளபளவென்று நிற்கும். "பாருங்க, விலை பேசுது" என்பார். வந்தவர்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள். மழை மூட்டமான நாட்களில் அவருக்கு வியாபாரம் மந்தம்.

இதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் விஷயம். அவர் அதை மனதார நம்பினார். விலை கூடியது நல்லதாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் விலை ஏன் கூடுகிறது என்பது அவர் கேள்வி. எனக்கு அவரிடம் பிடித்ததும் இதுதான், எரிச்சல் மூட்டியதும் இதுதான்.

ஓய்வு பெற்றதும் சேமலாப நிதி கைக்கு வந்தது. அடுத்த கிழமையே கொழும்புக்கு ரயிலேறிப் போய், மடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். இணையத்திலிருந்து பாட்டை இழுத்து ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் பெட்டி அது. அவ்வளவுதான் அதன் வேலை. விலையைச் சொல்ல அக்கா எனக்கு அனுமதி தரவில்லை.

"நிரஞ்சனி, கடையில ஒரு பொடியன், என்ன மாதிரி விஷயம் தெரிஞ்சவன்!" என்று அத்தான் என்னிடம் கதையைத் தொடங்குவார். "மொதல்ல ஒரு சின்னப் பெட்டிய போட்டான். ஒண்ணும் சொல்லல. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டான். எழும்பிப் போயி ஏசிய நிப்பாட்டிட்டு, 'இப்ப இதக் கேளுங்க அங்கிள்'னு இந்தப் பெட்டிய போட்டான் பாரு, அப்பிடியே பின்னால ஒரு நிசப்தம் விரியுது. கறுப்பு நிசப்தம். அதுல புல்லாங்குழல் மட்டும் தனியா மிதக்குது!"

இந்தக் கதையை நான் பல தடவை கேட்டேன். ஏசியை நிறுத்தினான் என்ற இடத்தில் ஒரு தடவையாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. வெட்கக்கேடு.

பெட்டி அம்மிக்கல் கனம். இரவும் பகலும் அணைக்கக் கூடாதாம், அணைத்தால் சுருதி கெட்டுவிடுமாம். அதனால் எந்நேரமும் சூடாக இருக்கும். தொட்டால் காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றி மாதிரி இருக்கும். அது நடுக்கூடத்தில் ராஜாவாக உட்கார்ந்ததும் சட்டங்கள் வரத் தொடங்கின. பாட்டு ஓடும்போது மிக்ஸி போடக் கூடாது. அயர்ன் பண்ணக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபிரிட்ஜ் ஓடக் கூடாது. "ஃபிரிட்ஜ் கரண்ட்ட அழுக்காக்குது" என்றார்.

அந்த ஃபிரிட்ஜ் என் அக்கா பரிமளத்தின் சொந்தச் சம்பாத்தியம். அவள் யோகட் செய்து கடைகளுக்குப் போடுகிறவள். பாலைக் காய்ச்சி, உறை ஊற்றி, சின்னச் சின்னக் கோப்பைகளில் நிரப்பி, உறைந்ததும் ஃபிரிட்ஜில் அடுக்குவாள். காலையில் த்ரீவீலரில் ஏற்றிக் கடைகளுக்கு அனுப்புவாள். பழைய ஃபிரிட்ஜ்தான். ஓடத் தொடங்கினால் மேலே வைத்த போத்தல்கள் கிணுகிணுக்கும், அடுப்படிச் சுவர் முனகும். ஓய்ந்தால் வீடு முழுக்க 'அப்பாடா' என்று இருக்கும். வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம் எங்கள் யார் காதிலும் விழாமல் போய்விட்டது.

அத்தான் பொழுது சாயும்போது ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு உட்கார்ந்தால், சாப்பாட்டுக்குத்தான் எழும்புவார். பல நாள் திரும்பப் போட மறந்துவிடுவார். யோகட் தண்ணீர் விட்டது. பேராதனையில் ஒரு கடைக்காரர் ஒரு தட்டு முழுவதையும் திருப்பி அனுப்பினார். அதை மடியில் வைத்துக்கொண்டு அக்கா அடுப்படிக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் புல்லாங்குழல் மிதந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு ஹாஷிமுக்குக் குட்ஷெட் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஃபோன் சாமான் கடை. அவர்தான் ஒருநாள் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"அண்ணன், இதுவும் அதே வேலையத்தான் செய்யுது. பாட்டு வாற எடமும் ஒண்டு, போற எடமும் ஒண்டு. நடுவுல எது ஈந்தா என்ன? வித்தியாசம் ஒண்டும் இல்ல."

அத்தான் அந்தக் குட்டிப் பெட்டியைத் தொடக்கூட இல்லை. "ஹாஷிம், நீங்க ஃபோன் உறை விக்கிறவரு. இது வேற உலகம்."

"அப்ப கண்ணக் கட்டிட்டுச் சொல்லுங்க பாப்பம்" என்று ஹாஷிம் சிரித்தார்.

அடுப்படியிலிருந்து அக்கா அகப்பையோடு வந்து நின்றாள். "ஆமா, சொல்லட்டும். எது எதுன்னு சொல்ல முடியலன்னா இனிமே என் ஃபிரிட்ஜ்ல கை வைக்கக் கூடாது. சாகும் வரைக்கும்."

"சொல்லிட்டா?" என்றார் அத்தான்.

"சொல்லிட்டா அந்த ஃபிரிட்ஜ் இந்த வீட்டுலயே இருக்காது!"

கோபத்தில் வந்த வார்த்தை. என் அக்கா கோபத்தில் சொன்னதையும் திருப்பி வாங்க மாட்டாள். எங்கள் குடும்ப வியாதி அது. ஹாஷிம் மட்டும், "வேணுமெண்டா எங்கட வீட்டுல வைங்க அக்கா, எடம் ஈக்கி" என்று மெதுவாகச் சொன்னார்.

ஞாயிறு மத்தியானம் சோதனை. அத்தான் குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டி வந்தார், பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி. நான் புதுத் துவாயால் அவர் கண்ணை இறுக்கிக் கட்டினேன். பழிவாங்கும் எண்ணம் இல்லை, ஆனால் நன்றாக வலித்திருக்கும். ஹாஷிம் வயரை மாற்றுகிறவர். நான் நடுவர்.

தொடங்குமுன் அத்தான் கையை உயர்த்தினார். "ஒரு நியாயம் பேசணும். பெரிய பெட்டி பாடறப்ப அதுக்குரிய மரியாதை குடுக்கணும். ஃபிரிட்ஜ் ஓடக் கூடாது. சின்னதுக்கு அதெல்லாம் தேவையில்ல, ஓடினா ஓடட்டும்."

ஹாஷிம் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"குடுத்துருவோம்" என்றாள் அக்கா. "கேட்டதெல்லாம் குடுத்துட்டுத்தான் தோக்கடிக்கணும். அப்புறம் அது இல்ல இது இல்லன்னு ஒரு சாக்கும் வரக் கூடாது. ஃபிரிட்ஜ நானே பாத்துக்கிறேன்."

நியாயம்தானே என்று நான் தலையாட்டினேன். நான், நிகழ்தகவு படிப்பிக்கிறவள், தலையாட்டினேன். ஹாஷிமும் ஆட்டினார்.

ஹாஷிம் சைகை காட்டுவார். பெரிய பெட்டி என்றால் அக்கா அடுப்படிக்குப் போய் ஃபிரிட்ஜை அணைப்பாள். சின்னப் பெட்டி என்றால் போடுவாள். அது இருமி, உதறி, போத்தல்களைக் கிணுகிணுக்க வைத்து ஓடத் தொடங்கும். பிறகு புல்லாங்குழல் வரும். அத்தான் தலையைச் சாய்த்துக் கேட்பார்.

"சின்னது" என்றார் முதல் தடவை, முகத்தைச் சுளித்துக்கொண்டு. "நெருக்கடியா இருக்கு. சந்தைக்குள்ள நின்னு வாசிக்கிற மாதிரி."

சரி.

"ஆஹா, இது பெரியது! நிசப்தம் விரியுது பாருங்க!"

அதுவும் சரி. மூன்றாவதும் சரி. நடுவில் பிளேன்டீ குடித்தோம். நான்காவது, ஐந்தாவது எல்லாம் சரி. ஆறாவதுக்கு ஹாஷிம் தந்திரமாகப் பெரிய பெட்டியையே மறுபடி விட்டார். அதையும் அத்தான் அசையாமல் சொன்னார். ஹாஷிம் கையிலிருந்த சின்னப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பெற்ற பிள்ளை பரீட்சையில் தோற்றுவிட்ட மாதிரி.

மனித ஜென்மத்தில் இப்படி ஒரு காதா என்று நினைத்தேன். இத்தனை வருடம் இந்த மனிதரைத் தப்பாக எடைபோட்டுவிட்டேனே என்று வெட்கமாகக்கூட இருந்தது. அத்தான் துவாயை அவிழ்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. துவாய் இறுக்கமாக இருந்ததும் ஒரு காரணம்.

"சொல்ல முடியும்னு எனக்கே தெரியாது பரிமளம்" என்றார், பயந்தவர் மாதிரி.

"நான் சொன்னது சொன்னதுதான்" என்றாள் அக்கா.

"வேணாம், அத விடு. கோவத்துல சொன்னது."

அக்கா கேட்கவில்லை. அன்று மாலையே ஹாஷிமும் அவருடைய கடைப் பையன்களும் சேர்ந்து ஃபிரிட்ஜைக் கயிறு கட்டி, படியில் இறக்கி, அடுத்த வீட்டுப் படியில் ஏற்றினார்கள். ஹாஷிமின் மனைவி றலியா அதற்கு அடுப்படியில் நல்ல இடமாக ஒதுக்கிக் கொடுத்தாள். குறை சொல்ல முடியாது. ஆனால் என் அக்கா, தன் கையால் உழைத்து வாங்கிய ஃபிரிட்ஜைத் திறக்க இன்னொருத்தி வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. கோப்பைத் தட்டைத் தூக்கிக்கொண்டு மழையில் படி ஏறி இறங்கினாள். கொஞ்ச நாளில் பாலைக் குறைத்துக்கொண்டாள். "இனி எதுக்கு? விட்டுறலாம்னு பாக்குறேன்" என்று ஒருநாள் சொன்னாள். அவள் சோர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், வென்றவருக்கும் சுகம் இல்லை. ஃபிரிட்ஜ் போன அடுத்த மாலை அத்தான் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தார். நெற்றியைச் சுருக்கினார். எழும்பி வயரைக் கழற்றி ஊதிவிட்டு மாட்டினார். மறுநாள் ஸ்பீக்கரை இடம் மாற்றினார். "என்னமோ குறையுது. நிசப்தம் விரிய மாட்டேங்குது" என்றார். கொழும்புப் பொடியனுக்கு ஃபோன் போட்டார். பெட்டியின் அடியில் கருங்கல் வைத்தால் அதிர்வு அடங்கும் என்று அவன் சொன்னானாம். அக்காவின் அம்மிக்கல் கூடத்துக்கு வந்தது. அம்மிக்கல் மேல் அம்மிக்கல் கனத்தில் பெட்டி. சம்பலுக்கும் வழியில்லாமல் போயிற்று.

ஒரு சனிக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் அலுத்துப்போய், எதனோடாவது ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஹாஷிம் விட்டுப்போன சின்னப் பெட்டியையே மாட்டியிருந்தார். கீழே தெருவில் யாரையோ ஏற்ற வந்த த்ரீவீலர் எஞ்சினை அணைக்காமல் நின்றது. டொடொடொடொ என்று அது பாட்டுக்கு ஒரு பக்கம், புல்லாங்குழல் பாட்டுக்கு ஒரு பக்கம். பிறகு டிரைவர் எஞ்சினை நிறுத்தினான்.

அத்தான் கதிரையிலிருந்து துள்ளினார். "வந்துருச்சு! நிரஞ்சனி, கேட்டியா? நிசப்தம்! அம்மிக்கல் வேல செய்யுது!"

சின்னப் பெட்டிக்கு அடியில் அம்மிக்கல்லே இல்லை. மேசையில் ஒரு பழைய பேப்பர் மேல் கிடந்தது அது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் வரிசையாக வந்து விழுந்தது. த்ரீவீலர். அதற்கு முன்னால் ஃபிரிட்ஜ். அதற்கும் முன்னால் கொழும்புக் கடையின் ஏசி. எல்லாவற்றுக்கும் முன்னால் கண்டித் துணிக்கடையின் வாசல் வெயில். சோதனையில் ஆறு தடவையும் அவர் கண்டுபிடித்தது பெட்டியை அல்ல. அடுப்படியில் ஃபிரிட்ஜ் ஓடுகிறதா, ஓய்ந்திருக்கிறதா என்பதை. வீட்டில் நாய் இருந்திருந்தால் அதுவும் ஆறுக்கு ஆறு வாங்கியிருக்கும். அவர் ஏமாற்றவும் இல்லை. எங்களைப் போலவே அவருக்கும் அந்தச் சத்தம் இருப்பதே தெரியாது. அது இல்லாமல் போகும் சுகம் மட்டும் தெரிந்திருக்கிறது.

நான் அடுப்படிக்கு ஓடினேன். அக்காவிடம் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் பாலைக் கிளறிக்கொண்டே கேட்டாள். இடையில் ஒரு தரம் கை நின்றது.

"நான்தான் அணைச்சு அணைச்சு அவருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றாள்.

"வா, போய் மூஞ்சிக்கு நேரா சொல்றேன்" என்றேன்.

"நீ வாய மூடிக்கிட்டு இரு." அகப்பையை என் பக்கம் நீட்டினாள். "கடை போச்சு. 'யோகராஜ் இருக்காரா'ன்னு தேடி வர்ற சனம் போச்சு. இப்ப அவருக்குன்னு மிச்சம் இருக்கிறது அந்தக் காது ஒண்ணுதான். அதையும் புடுங்கி எனக்கு என்ன வரப் போகுது? எனக்கு என் ஃபிரிட்ஜ் வந்தாப் போதும்."

"உண்மையச் சொல்லாம ஃபிரிட்ஜ் எப்பிடிக்கா வரும்?"

அதற்குப் பதில் அத்தானிடம் இருந்தது. அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். முகத்தில் பெரிய கண்டுபிடிப்பு தெரிந்தது.

"பரிமளம், நான் நல்லா யோசிச்சுட்டேன். பெட்டி அதே பெட்டி. வயர் அதே வயர். வீட்டுல மாறினது ஒண்ணே ஒண்ணுதான். ஃபிரிட்ஜ்!"

கண்டுபிடித்துவிட்டாரே என்று நான் நினைத்தேன்.

"அது பகல் முழுக்க ஓடி, கரண்ட்டுல இருக்கிற அழுக்க எல்லாம் உறிஞ்சிருக்கு! சாயங்காலம் அத நிப்பாட்டினா, அப்புறம் வர்றது சுத்தக் கரண்ட். நான்தான் புரிஞ்சுக்காம பழி போட்டுட்டேன். ஃபிரிட்ஜ் இல்லாம அந்தப் பெட்டி பாடாது. கூட்டிட்டு வந்துருவோம்."

கூட்டிட்டு வந்துருவோம் என்றார், கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மருமகளைச் சொல்வது போல. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். தோள் குலுங்கியதை அவர் இருமல் என்று நினைத்திருக்க வேண்டும். அக்கா முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"வரும்" என்றாள். "ஆனா உறிஞ்சுற வேலைக்கு அது நேரத்துக்கு ஓடணும். நீங்க கை வைக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு பாட்டுக்கு நான் நிப்பாட்டுவேன், நானே திரும்பப் போடுவேன்."

"ஒரு பாட்டு போதுமா?" என்று அவர் இழுத்தார்.

"சுத்தக் கரண்ட் அவ்வளவுதான் இருக்கும்" என்றாள் அக்கா.

இப்படியாக ஃபிரிட்ஜ் திரும்பி வந்தது. அத்தானே அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அம்மிக்கல்லும் அடுப்படிக்குத் திரும்பியது. கடைகளுக்கு யோகட் போகத் தொடங்கியது. மார்கழி வந்தது. கண்டிக் குளிரில் பால் உறைய மறுப்பது அக்காவுக்கு வருடா வருடம் வரும் தலையிடி. பெட்டியைத் தூசி தட்டும்போது ஒருநாள் அவள் கை அதன் சூட்டில் நின்றுவிட்டது. அன்றைக்கே ஒரு தட்டுக் கோப்பைகளைத் துணியால் மூடி அதன் மேல் வைத்தாள். கத்தியால் வெட்டலாம் போல உறைந்தது. அத்தான் கோபத்தோடு வந்து, ஒரு கோப்பையைத் தின்றுவிட்டு, "விலை பேசுது" என்று சொல்லிவிட்டுப் போனார். விலை கூடிய பெட்டி மலிவானதைவிட நல்லதா என்று இன்று யாராவது என்னிடம் கேட்டால், நல்லது என்றுதான் சொல்வேன். சின்னப் பெட்டியில் ஒரு கோப்பைகூட உறையாது.

ஆனால் மேலே யோகட் உறையும்போது பெரிய பெட்டியில் பாட்டு வயரை மாட்டிக் கழற்றி அசைத்தால் யோகட் தண்ணீர் விட்டுவிடும் என்று அக்காவுக்குப் பயம். ஹாஷிமைக் கூப்பிட்டு, சின்னப் பெட்டியைப் பெரியதின் முதுகுக்குப் பின்னால் மறைத்து மாட்டச் சொன்னாள். அத்தான் பாட்டுப் போடும் ஃபோனில் தெரியும் பெயரையும் பெரிய பெட்டியின் பெயராகவே மாற்றச் சொன்னாள். "பேர மாத்துறது ஒரு நிமிச வேல அக்கா" என்றார் ஹாஷிம். முடித்துவிட்டு, சம்பளமாக யோகட் கேட்டார்.

நேற்று மாலை நானும் அங்கே இருந்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போய் ஃபிரிட்ஜை அணைத்தாள். போத்தல்கள் கடைசியாக ஒரு தரம் கிணுகிணுத்து ஓய்ந்தன. அணைத்துவிட்டால் அவளுக்கு அடுப்படியில் வேலை இல்லை. அதனால் கூடத்துக்கு வந்து அத்தானுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். கல்யாணம் முடித்த காலத்திலிருந்து அவர்கள் இருவரும் வேலைவெட்டி இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெரிய பெட்டியின் மேல் யோகட் உறைந்துகொண்டிருந்தது. அதன் பின்னாலிருந்து சவர்க்காரக் கட்டி பாடியது.

அத்தான் கண்ணை மூடியபடி, "கேக்குதா பரிமளம்? பின்னால ஒரு நிசப்தம்" என்றார்.

"கேக்குது" என்றாள் அக்கா.

அவருடைய மனம் நோகக் கூடாது என்று சொல்கிறாளாக்கும் என்று நினைத்து அவளைப் பார்த்தேன். அவளும் கண்ணை மூடியிருந்தாள். சரி, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று நானும் மூடினேன். கணக்கு டீச்சர் பொய் சொல்லக் கூடாது. எனக்கும் கேட்டது.